அப்பாவின் கழுத்தில் பத்து ஸ்க்ரூ

வாசகி கேள்வி: அப்பாவுக்கு வயது 63. தையல்கடை வைத்திருக்கிறார். ஒரு வருடமாகக் கைவிரல்கள் மரத்துப்போகின்றன. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, சட்டைப் பித்தான் போடவே நேரம் பிடிக்கிறது. இப்போது நடையும் தடுமாறுகிறது. இரவில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் போகிறார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் சி3 முதல் சி6 வரை தண்டுவடம் நசுங்கியிருக்கிறது, காரணம் ஓ.பி.எல்.எல். என்று எழுதியிருக்கிறார்கள். கழுத்தைப் பின்பக்கமாகத் திறந்து, எலும்பை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஸ்க்ரூவும் ராடும் போட வேண்டும், மொத்தம் பத்து ஸ்க்ரூ என்கிறார் டாக்டர். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எங்கள் தெருவில் ஒருவருக்குக் கழுத்து ஆபரேஷன் முடிந்த பிறகு கையைத் தூக்க முடியாமல் போனது. ஸ்க்ரூ நரம்பில் குத்திவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரோபோ இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று தம்பி பிடிவாதம் பிடிக்கிறான். ஸ்க்ரூ கட்டாயம் தேவையா? அது சரியான இடத்தில்தான் போகும் என்று எப்படி நம்புவது?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பத்து ஸ்க்ரூவைக் கணக்குப் பார்த்துவிடலாம். கழுத்தெலும்புகளை மேலிருந்து சி1, சி2 என்று எண்ணுகிறோம். அவற்றில் சி3, சி4, சி5, சி6 என்று நான்கு எலும்புகளில் பக்கத்துக்கு ஒன்றாக எட்டு. அதற்குக் கீழே சி7-ல் இரண்டு. உங்கள் டாக்டர் சொன்னது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பத்தும் ஒரே மாதிரியான ஸ்க்ரூ இல்லை. முதல் எட்டும் எலும்பில் போகிற பாதை வேறு, கடைசி இரண்டும் போகிற பாதை வேறு. அதனால் ஆபத்தும் வேறு வேறு. இதைத் தெரிந்துகொண்டால் டாக்டரிடம் என்ன கேட்பது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ஸ்க்ரூ தேவையா என்ற கேள்விக்கு முதலில் வருகிறேன். தண்டுவடத்துக்கு முன்பக்கம், கழுத்தெலும்புகளின் பின்முகத்தை ஒட்டி, மேலிருந்து கீழாக ஒரு தசைநார் ஓடுகிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து எலும்பாகவே மாறிவிடுவதுதான் ஓ.பி.எல்.எல். ஜப்பான் போன்ற கிழக்காசிய நாடுகளில் அதிகம். நம் ஊரிலும் அடிக்கடி பார்க்கிறோம். நடுக்கழுத்தில் தண்டுவடம் போகும் குழாய் ஆரோக்கியமானவருக்கு முன்பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டர் இருக்கும். 13-க்குக் கீழே போனாலே குறுகல் என்கிறோம். முன்னாலிருந்து எலும்பு வளர்ந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால், தண்டுவடம் பின்னால் நகர இடம் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் பின்பக்க எலும்பு வளைவை எடுக்கிறோம். ஆனால் அந்த வளைவை எடுத்துவிட்டு அப்படியே தைத்து மூடினால், சிலருக்கு மாதங்கள் வருடங்கள் போகப் போகக் கழுத்து முன்னால் வளைந்து கவிழும். கழுத்து கவிழ்ந்தால் தண்டுவடம் மறுபடி முன்பக்க எலும்பின் மேலேயே போய்ப் படியும், செய்த ஆபரேஷன் வீணாகும். அப்படிக் கவிழாமல் பிடித்துக்கொள்ளத்தான் ஸ்க்ரூவும் ராடும்.

ஸ்க்ரூ போடாத வழியும் இருக்கிறது. பின்பக்க வளைவை முழுதாக எடுக்காமல், ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் மடக்கித் திறந்து வைக்கிற லேமினோபிளாஸ்டி என்ற முறையை 1970-களில் ஜப்பானிய டாக்டர்கள் வளர்த்தெடுத்தார்கள். கழுத்தின் இயல்பான வளைவு கெடாமல் இருந்து, முன்னால் வளர்ந்த எலும்பும் ரொம்பப் பெரிதாக இல்லாவிட்டால் அது நல்ல முறை. அதில் சின்னச் சின்னத் தகடுகளும் குட்டி ஸ்க்ரூக்களும் போடுவது உண்டு, ஆனால் அவை ஆழமாகப் போகாதவை. கழுத்து ஏற்கெனவே நேராகிவிட்டது அல்லது முன்னால் வளைந்துவிட்டது என்றால் அது பொருந்தாது. அப்பாவின் பக்கவாட்டு எக்ஸ்ரேயைக் காட்டி, "லேமினோபிளாஸ்டி இவருக்கு ஏன் சரிவராது?" என்று டாக்டரிடம் கேளுங்கள். இது அவரைச் சந்தேகப்படுகிற கேள்வி இல்லை. இதற்குப் பதில் அவரிடம் தயாராக இருக்கும், இருக்கவும் வேண்டும்.

சரி, ஸ்க்ரூ வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அது எங்கே போகிறது?

ஒரு கழுத்தெலும்பைப் பின்னாலிருந்து பாருங்கள். நடுவே தண்டுவடம் போகும் குழாய். அதற்கு வலமும் இடமும் கிட்டத்தட்டச் சதுரமான ஒரு எலும்புத் திரட்சி இருக்கிறது. அதை லேட்டரல் மாஸ் என்கிறோம். அதற்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், எலும்பில் ஒரு துளை. அந்தத் துளை வழியாக வெர்ட்டிப்ரல் தமனி மேலேறி மூளைக்குப் போகிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தமனிகள். சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் ரத்தம் கொண்டுபோவது இவைதான். அதோடு ஒவ்வொரு இரண்டு எலும்புக்கும் இடையிலிருந்து கழுத்துக்கோ தோளுக்கோ கைக்கோ போகும் நரம்பு வேர் ஒன்று வெளியே வருகிறது. ஆக, உள்பக்கம் தண்டுவடம், முன்பக்கம் தமனி, மேலும் கீழும் நரம்பு வேர்கள். இவற்றுக்கு நடுவே இருக்கிற எலும்புதான் ஸ்க்ரூவுக்குக் கிடைக்கிற இடம்.

உங்கள் அப்பாவுக்குப் போடப்போகிற முதல் எட்டு ஸ்க்ரூவும் அந்தச் சதுரத் திரட்சிக்குள்ளேயே நின்றுவிடும். சுமார் 3.5 மில்லிமீட்டர் பருமன், பெரும்பாலும் 14 மில்லிமீட்டர் நீளம். பிரான்ஸில் ராய்-கமீல் 1970-களில் இந்த இடத்தில் ஸ்க்ரூ போடுவதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவர் கிட்டத்தட்ட நேராக, லேசாக வெளிப்பக்கம் சாய்த்துப் போட்டார். பிறகு சுவிட்சர்லாந்தில் மாகெர்ல், இன்னும் அதிகமாக வெளிப்பக்கமும் மேல்பக்கமும் சாய்த்துப் போடும் முறையைச் சொன்னார். திரட்சியின் நடுப்புள்ளிக்குச் சற்று உள்ளே தொடங்கி, வெளிப்பக்கமாக 25 டிகிரி சுமார், மேல்நோக்கி மூட்டின் சரிவுக்கு இணையாக. ஏன் வெளிப்பக்கம்? தமனி இருப்பது திரட்சியின் உள்ஓரத்துக்கு நேர் முன்னால். வெளியே சாய்க்கச் சாய்க்க தமனியிலிருந்து விலகிப் போகிறோம். ஏன் மேல்நோக்கி? கீழே வெளியேறும் நரம்பு வேருக்கு மேலாகப் போய் முடிய வேண்டும் என்பதற்காக. இந்த இரண்டு சாய்வும் நீளமும் சரியாக இருந்தால், இது கழுத்தில் போடுகிற ஸ்க்ரூக்களில் ஆபத்து குறைந்த ஸ்க்ரூ. உலகம் முழுக்க நீண்ட காலமாகப் போட்டுப் பழகிய ஸ்க்ரூ. பத்தில் எட்டு இப்படிப்பட்டவை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இரண்டு, சி7-ல் போடுபவை. சி7-ல் இந்தச் சதுரத் திரட்சி மெலிந்துபோயிருக்கும், 14 மில்லிமீட்டர் ஸ்க்ரூ அதில் பிடித்து நிற்காது. அதனால் அங்கே பெடிக்கிள் ஸ்க்ரூ போடுவதுதான் வழக்கம். பெடிக்கிள் என்பது பின்பக்க எலும்பையும் முன்பக்க எலும்பையும் இணைக்கும் குறுகிய பாலம். அதன் வழியாகப் போனால் ஸ்க்ரூ முன்பக்க எலும்பின் உள்ளே வரை போய் இறுகிப் பிடிக்கும். பிடிமானத்தில் லேட்டரல் மாஸ் ஸ்க்ரூ இதன் பக்கத்தில் வராது. ஆனால் வேலை வரப்பு மேல் நடப்பது மாதிரி: ஒரு பக்கம் தண்டுவடம், மறுபக்கம் தமனியின் துளை. சி3, சி4 எலும்புகளில் இந்தப் பாலத்தின் அகலம் சராசரியாக 5 மில்லிமீட்டர் அளவுதான். உடம்பு சிறியவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, 4-க்கும் கீழே இருப்பதுண்டு. 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு அங்கே எவ்வளவு இடம் மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். ஜப்பானின் அபுமி குழுவினர் 1994-ல், அடிபட்டு உடைந்த கழுத்துகளுக்கு நடுக்கழுத்திலும் பெடிக்கிள் ஸ்க்ரூ போட்டுக் காட்டினார்கள். முடியும் என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் எல்லோருக்கும் எல்லா எலும்பிலும் போட வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. பிடிமானம் அதிகம் தேவைப்படுகிற இடத்தில் மட்டும்தான் அந்த ஆபத்தை எடுக்க நியாயம் உண்டு.

சி7 மட்டும் இதில் கொஞ்சம் கருணை காட்டுகிறது. பெடிக்கிள் அங்கே அகலமாக, 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். அதோடு வெர்ட்டிப்ரல் தமனி பெரும்பாலானவர்களுக்கு சி6-ல்தான் எலும்புத் துளைக்குள் நுழைகிறது. சி7-ன் துளையில் தமனி இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு என்று சொன்னேன், எல்லோருக்கும் என்று சொல்லவில்லை. சிலருக்கு தமனி சி7-லேயே நுழைந்துவிடும். சிலருக்கு சி5-லோ சி4-லோ நுழையும், அதுவரை எலும்புக்கு வெளியே ஓடும். சிலருக்கு அது நடுவே உள்பக்கமாக வளைந்து நெளிந்து எலும்பையே அரித்திருக்கும். ஒரு பக்கத் தமனி தடிமனாகவும் மறுபக்கம் நூல் மாதிரி மெலிந்தும் இருப்பவர்கள் நிறையப் பேர். அந்த மெலிந்த தமனி அடிபட்டால் உடம்பு சமாளித்துக்கொள்ளலாம். தடித்தது அடிபட்டால் கதை வேறு.

இதெல்லாம் எப்படி முன்கூட்டியே தெரியும்? சி.டி. ஸ்கேனில் தெரியும். இந்தப் பதில் முழுவதிலும் நான் சொல்ல நினைப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான். எம்.ஆர்.ஐ. தண்டுவடத்தைக் காட்டுகிறது, நசுங்கியிருக்கிறதா என்று சொல்கிறது. எலும்பை நம்பி அளக்க அது போதாது. ஸ்க்ரூ போடப்போகிற கழுத்துக்கு, ஒரு மில்லிமீட்டர் அளவில் மெல்லிய வெட்டுகளாக எடுத்த சி.டி. வேண்டும். தமனியின் போக்கில் சந்தேகம் இருந்தால், மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோவும் வேண்டும். ஓ.பி.எல்.எல்.-க்கு எப்படியும் சி.டி. எடுத்தாக வேண்டும், ஏனென்றால் வளர்ந்த எலும்பின் உருவம் அதில்தான் சரியாகத் தெரியும்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நாங்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செய்கிற வேலை இதுதான். ஒவ்வொரு எலும்பாக நிறுத்துவோம். தமனித் துளை எங்கே இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே அளவா, பெடிக்கிளின் அகலம் எவ்வளவு, உள்ளே பஞ்சு மாதிரி எலும்பு இருக்கிறதா அல்லது முழுக்கக் கெட்டியா என்று பார்ப்போம். முழுக்கக் கெட்டியாக இருந்தால் டிரில் முனை வழுக்கி மெலிந்த பக்கமாகப் போய்விடும். பெடிக்கிளின் உள்சுவர் தடிமனானது, தமனியை ஒட்டிய வெளிச்சுவர் மெலிந்தது. அதனால்தான் கழுத்தில் பெடிக்கிள் ஸ்க்ரூ தவறினால் பெரும்பாலும் வெளிப்பக்கம், தமனியின் பக்கமாகத் தவறுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. நடுக்கழுத்தில் பெடிக்கிள் உள்நோக்கி 45 டிகிரி வரை சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வில் டிரில்லைப் பிடிக்கப் போனால் கழுத்தின் தடித்த தசை கையைத் தள்ளும். கை நிமிர்ந்துவிட்டால் முனை தமனியை நோக்கித் திரும்பும். இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, ஒவ்வொரு எலும்புக்கும் எந்த ஸ்க்ரூ, எவ்வளவு நீளம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் தியேட்டருக்குப் போக வேண்டும். "இந்த இடத்தில் ஸ்க்ரூ வேண்டாம், மேலேயும் கீழேயும் இருப்பது போதும்" என்று ஒரு எலும்பைத் தவிர்ப்பதும் அந்தத் தாளில் இருக்கலாம். பத்து என்று சொல்லிவிட்டு எட்டோ ஒன்பதோ போட்டு முடித்தார்கள் என்றால் குறை வைத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பிடிமானம் போதும் என்ற நிலையில் ஒரு ஸ்க்ரூவை விட்டுவிடத் தெரிந்த கைதான் நல்ல கை.

இனி தியேட்டருக்குள். மயக்க மருந்து டாக்டர் கழுத்தை அதிகம் பின்னால் சாய்க்காமல் மூச்சுக்குழாய் போடுவார். நசுங்கிய தண்டுவடத்துக்குச் சாய்வு ஆகாது. பிறகு அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து, தலையை மூன்று முனை கொண்ட ஒரு பிடியில் அசையாமல் பொருத்துவார்கள். தோள்களை பிளாஸ்டரால் கீழ்நோக்கி இழுத்து ஒட்டுவார்கள். இல்லாவிட்டால் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில், அதாவது ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் எக்ஸ்ரே கருவியில், தோள் எலும்பு மறைத்து சி7 தெரியாது. கழுத்து குட்டையானவர்களுக்கு இழுத்தும் தெரியாது. அங்கே பல சர்ஜன்கள் சி7-ன் பின்பக்கம் ஒரு சிறு ஜன்னல் திறந்து, மெல்லிய கருவியால் பெடிக்கிளின் உள்சுவரையே தொட்டுப் பார்த்துத் திசை பிடிப்பார்கள். பழைய முறைதான், நம்பகமான முறை.

ஸ்க்ரூ போகும் வழியை ஒரே மூச்சில் துளைப்பதில்லை. டிரில்லில் 12 அல்லது 14 மில்லிமீட்டருக்கு மேல் போக முடியாதபடி ஒரு தடுப்பு வைத்திருப்போம். முனை எலும்பின் தூரப் பக்கத்தைத் தொடும்போது கையில் ஒரு கெட்டித்தன்மை தெரியும், அங்கே நிறுத்திவிடுவோம். பிறகு நுனியில் சிறு உருண்டை உள்ள ஒரு கம்பியைத் துளைக்குள் விட்டு, மேல், கீழ், உள், வெளி என்று நான்கு சுவரையும் அடித்தளத்தையும் தடவிப் பார்ப்போம். எங்கும் எலும்பே தட்டுப்பட வேண்டும். ஓரிடத்தில் கம்பி 'பொசுக்'கென்று உள்ளே போனால் அங்கே சுவர் இல்லை என்று பொருள். அந்த வழியை விட்டுவிட்டுத் திசை மாற்றுவோம், அல்லது அந்த ஸ்க்ரூவையே விட்டுவிடுவோம். ஸ்க்ரூ இதற்கெல்லாம் பிறகுதான் கைக்கு வரும்.

பல மையங்களில் இந்த நேரம் முழுக்க நரம்பு சிக்னல்களையும் கவனிக்கிறார்கள். தலையில் ஒரு சிறு மின்துடிப்பைக் கொடுத்து, கைகால் தசை துடிக்கிறதா என்று திரையில் பார்ப்பார்கள். சிக்னல் குறைந்தால் அதைக் கவனிப்பவர் உடனே குரல் கொடுப்பார். வேலையை நிறுத்தி, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறதா, கழுத்து இருக்கும் நிலை சரியா, கடைசியாகப் போட்ட ஸ்க்ரூ காரணமா என்று பார்ப்போம். ஓ.பி.எல்.எல். மாதிரி தண்டுவடம் ஏற்கெனவே நெருக்கப்பட்ட நோயாளிக்கு இது இருப்பது நல்லது, அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் தமனியைப் பற்றி அது எதுவும் சொல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது உங்கள் தம்பியின் ரோபோ. சி.டி. படத்தையும் நோயாளியின் உடம்பையும் கம்ப்யூட்டர் பொருத்திக்கொண்டு, கருவியின் முனை எலும்புக்குள் எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டுவது நேவிகேஷன். அதற்கு மேல் ஒரு இயந்திரக் கை திசையைப் பிடித்துக் கொடுப்பது ரோபோ. கோயம்புத்தூரின் கங்கா மருத்துவமனைக் குழு, முதுகு வளைந்த நோயாளிகளிடம் நேவிகேஷனோடும் இல்லாமலும் ஸ்க்ரூ போட்டு ஒப்பிட்ட ஆய்வை 2007-ல் வெளியிட்டது. நேவிகேஷனோடு போட்டதில் எலும்பைத் தாண்டிய ஸ்க்ரூக்கள் மிகவும் குறைவாக இருந்தன. ஆனால் அது மார்புப் பகுதி முதுகெலும்பு, உருவமே மாறிப்போன முதுகுகள். அப்பாவுக்குப் போடுகிற எட்டு லேட்டரல் மாஸ் ஸ்க்ரூவுக்கு ரோபோ அவசியமில்லை. நல்ல சர்ஜனின் கையும் சி-ஆர்மும் போதும். நடுக்கழுத்தில் பெடிக்கிள் ஸ்க்ரூ, அல்லது கழுத்தின் உச்சியில் சி1, சி2 எலும்புகளில் ஸ்க்ரூ என்றால் தம்பி பக்கம் நானும் சேர்வேன்.

கழுத்தில் நேவிகேஷனுக்கு ஒரு பலவீனமும் உண்டு. கழுத்தெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் அசைபவை. கம்ப்யூட்டருக்கான அடையாளக் கருவியை ஒரு எலும்பில் பொருத்திவிட்டு, மூன்று எலும்பு தள்ளி டிரில்லை அழுத்தினால், அந்த எலும்பு ஓரிரு மில்லிமீட்டர் கீழே போய்விடும். திரை மட்டும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். மொத்த இடமே 5 மில்லிமீட்டர் என்கிற ஊரில் இரண்டு மில்லிமீட்டர் பெரிய தூரம். அதனால் அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொரு எலும்பிலும் தெரிந்த ஒரு புள்ளியைத் தொட்டு, திரையும் அதே இடத்தைக் காட்டுகிறதா என்று சரிபார்த்த பிறகே தொடருவார்கள். இயந்திரம் இருக்கிறதா என்று விசாரிப்பதைவிட, இதே ஆபரேஷனை அந்த சர்ஜன் அடிக்கடி செய்கிறாரா என்று விசாரிப்பது உங்களுக்கு அதிகம் பயன்படும்.

சி1, சி2 பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இணையத்தில் தேடினால் கிடைக்கிற பயங்கரமான எண்களில் பல அங்கிருந்து வருபவை. அந்த இரண்டு எலும்பையும் சேர்த்துக் குறுக்காக ஒரே ஸ்க்ரூ போடுகிற மாகெர்லின் முறை 1987-ல் வெளிவந்தது. அதைப் பற்றி 1998-ல் அமெரிக்க நரம்பியல் சர்ஜன்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், சுமார் 4 சதவீத நோயாளிகளுக்குத் தமனி காயம் நேர்ந்ததாகவோ நேர்ந்திருக்கலாம் என்றோ சொன்னார்கள். சுமார் ஐந்தில் ஒருவருக்கு சி2-ல் தமனி ஒரு பக்கமாவது மேலேறி வளைந்திருப்பதால் அந்தப் பக்கம் அந்த ஸ்க்ரூவே போட முடியாது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல் குழு 1994-ல் வெளியிட்ட, சி1-க்கும் சி2-க்கும் தனித்தனியாக ஸ்க்ரூ போடும் முறை இந்தச் சிக்கலைப் பெரிதும் குறைத்தது. ஜெர்மனியின் ஹார்ம்ஸ் 2001-ல் அதே பாதையில் ராடு வைத்துச் செய்ய, இன்று உலகெங்கும் கோயல்-ஹார்ம்ஸ் என்ற பெயரில் அதைச் செய்கிறார்கள். நம் நாட்டு சர்ஜன் ஒருவரின் பெயர் இதில் நிலைத்திருப்பதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி. அப்பாவின் ஆபரேஷன் அந்த உச்சிப் பகுதிக்குப் போகவில்லை. கழுத்து ஆபரேஷன்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால் வெர்ட்டிப்ரல் தமனி காயம் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது.

அப்படியும் நேர்ந்தால்? துளையிலிருந்து பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் பீறிடும். எலும்பு மெழுகையும் ரத்தம் உறையவைக்கும் பொருளையும் வைத்து அழுத்தி அடைப்பார்கள். பல நேரம் அந்தத் துளையிலேயே குட்டையான ஸ்க்ரூவைப் போட்டு அடைப்பதும் உண்டு. மறுபக்கம் ஆபத்தான ஸ்க்ரூ எதையும் அதன்பின் போடக் கூடாது. ஒரு தமனி போனாலும் இன்னொன்று பத்திரமாக இருக்க வேண்டும். முடிந்ததும் ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராம் எடுத்து, தேவைப்பட்டால் தமனியின் உள்ளிருந்தபடியே அடைப்பார்கள். "அப்படி நேர்ந்தால் ஆஞ்சியோ வசதி இங்கேயே இருக்கிறதா?" என்று கேட்பது, ரோபோவைப் பற்றிக் கேட்பதைவிட நல்ல கேள்வி.

உங்கள் தெருக்காரரின் கை விஷயம். அவருடைய படங்களைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் தண்டுவட அழுத்தத்தை நீக்கிய பிறகு, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தோளைத் தூக்க முடியாமல் போவது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. சி5 நரம்பு வேரின் பலவீனம் அது. இந்த மாதிரி ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் வரும். ஸ்க்ரூ எல்லாம் சரியான இடத்தில் இருந்தும் வரும், ஸ்க்ரூவே போடாத லேமினோபிளாஸ்டியிலும் வரும். அழுத்தம் விலகியதும் தண்டுவடம் பின்னால் நகர, குட்டையான சி5 வேர் இழுபடுவது ஒரு காரணம் என்று கருதுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு மாதக் கணக்கில் பிசியோதெரபி செய்து தேறிவிடும். அவர் கை இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். அப்பாவுக்கும் இது வரலாம் என்பதை டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

ஸ்க்ரூதான் காரணமா என்று பிரித்தறிய ஒரே வழி, ஆபரேஷனுக்குப் பிறகு எடுக்கும் சி.டி. அதையும் கேட்டு வாங்குங்கள். அந்த ரிப்போர்ட்டில் "ஸ்க்ரூ ஒரு மில்லிமீட்டர் வெளியே" என்று இருந்தால் பதறிவிட வேண்டாம். தமனித் துளைக்குள் லேசாக எட்டிப் பார்க்கிற ஸ்க்ரூக்கள் பலவும் எந்தத் தொந்தரவும் தராமல் இருந்துவிடுகின்றன. அவற்றை எடுக்கப் போவதில்தான் ஆபத்து அதிகம். உள்பக்கம் தண்டுவடத்தையோ நரம்பையோ தொட்டு, அதற்கேற்ற புதுப் பலவீனமும் இருந்தால் தாமதிக்காமல் மாற்ற வேண்டும்.

ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்க்ரூ கழுத்தை ஆயுளுக்கும் பிடித்துக்கொண்டிருக்கப் போவதில்லை. பக்கத்தில் வைக்கும் எலும்புத் துகள்கள் ஒட்டிக் கெட்டியாகும் வரை, சில மாதங்கள், அது காவல். எலும்பு ஒட்டவில்லை என்றால் எவ்வளவு நேர்த்தியாகப் போட்ட ஸ்க்ரூவும் ஒருநாள் தளரும். அப்பா பீடி, சிகரெட் பிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். புகை எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் புண்ணில் சீழ் பிடிக்கும். இந்த வயதில் எலும்பின் அடர்த்தியையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

இன்னொரு டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வதில் தவறே இல்லை. எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் இரண்டின் படங்களும் பதிந்த குறுந்தகட்டை எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். ஆனால் நல்ல ரோபோ, நல்ல ஊர் என்று தேடி மாதங்களைக் கடத்தாதீர்கள். விரல் வேலை போய், நடையும் தடுமாறத் தொடங்கிவிட்டது என்றால் தண்டுவடம் தாங்கும் எல்லையை நெருங்கிவிட்டது. கழுத்தில் தண்டுவடம் நசுங்குவதற்காக 2017-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலும் நடுத்தர, தீவிர நிலையில் இருப்பவர்களுக்கு ஆபரேஷனைத்தான் பரிந்துரைக்கிறது. போன சக்தி முழுதாகத் திரும்புமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இருப்பதைக் காப்பாற்றுவது முதல் வேலை, கொஞ்சம் திரும்பினால் அது லாபம். இரண்டு பேரின் கருத்துக் கேட்க ஒன்றிரண்டு வாரம் போதும்.

அதுவரை அப்பா கீழே விழவே கூடாது. நெருக்கப்பட்ட தண்டுவடத்துக்குச் சாதாரணமாகத் தடுக்கி விழுவதே கைகால் இரண்டையும் ஒரே நாளில் முடக்கப் போதுமானது. பாத்ரூம் போகும் வழியில் இரவு முழுக்க விளக்கு எரியட்டும். பைக்கின் பின்னால் உட்கார்ந்து போவதை நிறுத்திவிடுங்கள். முடிவெட்டிக்கொள்ளப் போனால், வேலை முடிந்ததும் தலையைப் பிடித்துக் கழுத்தில் நெட்டி முறிப்பார்களே, அதை உட்காரும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடச் சொல்லுங்கள். எண்ணெய் தேய்த்துக் கழுத்தைத் திருப்பிவிடுகிற வைத்தியமும் வேண்டாம். சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, வராமல் நின்றாலோ, நடை ஓரிரு நாளில் சட்டென்று மோசமானாலோ, குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.